ஏரிக்கரையில் நான் போட்ட தீனி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே நீண்ட விடுமுறை. டெக்சாஸின் கிழக்கே பைன் மரக் காடுகளுக்கு நடுவில் ஓர் ஏரிக்கரை கேம்ப்கிரவுண்ட். நாங்கள் இருக்கும் பேர்லேண்டிலிருந்து மூன்று மணி நேர டிரைவ். வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம், திங்கட்கிழமை காலையில் கிளம்பிவிட்டோம். அந்த நாள்களில் நான் செய்ததை என் கணவரிடம்கூடக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் நட்பு வட்டத்தில் எனக்கு 'கேம்பிங் கலெக்டர்' என்று பட்டப்பெயர். வைத்தவர் என் கணவர்தான். எந்த ஏரிக்கரையில் எந்த சைட், அதாவது கூடாரம் போடவோ வண்டி நிறுத்தவோ தரும் இடம், நல்லது என்று யார் கேட்டாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வேன். புக்கிங் திறக்கும் நாளன்று காலையில் காபிகூடக் குடிக்காமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். மேற்குப் பக்கம் மரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்கால வெயில் வண்டியைச் சுட்டுவிடும். படகு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எடுக்கக் கூடாது, விடியும் முன்பே என்ஜின் சத்தம் எழுப்பிவிடும். ஏ.சி. இரண்டு ஓடும் பெரிய வண்டி என்றால் ஐம்பது ஆம்ப் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 'லேக்சைட்' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது, சேட்டிலைட் படத்தில் தண்ணீர் நிஜமாகவே கரை வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஊரெல்லாம் சுற்றி, சேற்றில் சக்கரம் புதைந்து, ஒரு தடவை பாத்ரூமுக்குப் பக்கத்திலேயே சைட் கிடைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் இருந்து, நானாகக் கற்றுக்கொண்டவை. அதனாலேயே கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தத் தடவை கிடைத்தது கேம்ப்கிரவுண்டிலேயே அருமையான சைட். ஏரி உள்ளே வளைந்து வரும் ஓர் ஓரம். அலை கிடையாது. எங்கள் சைட்டுக்கு நேர் எதிரே தண்ணீருக்குள் நீண்டிருந்த மரப்பலகைத் துறை. இங்கே அதை டாக் என்பார்கள். நாங்கள் ஓர் ஆர்.வி. வாடகைக்கு எடுத்திருந்தோம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. என் கணவர் அதைத் தேர் இழுப்பது போல ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிவந்தார். இடது பக்கத்து சைட்டில் கோயம்புத்தூர்க்கார அக்கா ஒருவரின் குடும்பம் கூடாரம் போட்டது. ரத்த உறவு இல்லை, பேர்லேண்டில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, பத்து வருடப் பழக்கம்.

வலது பக்கத்தில் ஓர் இளம் தம்பதி. வெள்ளைக்காரர்கள். பழைய டிரெய்லர் ஒன்றில் வந்திருந்தார்கள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. எங்கள் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே அந்த மனிதர் தன் வண்டியிலிருந்து பிளாஸ்டிக் கட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தார். சக்கரத்துக்கு அடியில் வைத்து, என் கணவரை முன்னே பின்னே ஏற்றி இறக்கச் சொல்லி மட்டம் பார்த்தார். "இப்படியே விட்டீங்கன்னா ராத்திரி பூரா ஒருத்தர் மேல ஒருத்தர் உருண்டுக்கிட்டே இருப்பீங்க" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் தண்ணீர்க் குழாய் ஒழுகியபோது தன்னிடமிருந்த வாஷரைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அக்காவும் நானும் என் மகளும் டாக்கில் உட்கார்ந்திருந்தோம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கையில் காரம் கலக்காத பொரிப் பொட்டலம். தண்ணீரில் சின்னச் சின்ன மீன்கள் தெரிந்தன. கோயில் தெப்பக்குளத்தைப் பார்த்தால் கை தானாகப் பொரியைத் தேடும் இல்லையா, அதே பழக்கம்தான். ஒரு கை அள்ளிப் போட்டேன். தண்ணீர் கொதிப்பது போல மீன்கள் மேலே வந்தன. ஆமைகள் இரண்டு வந்தன. மகள் குதித்தாள். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டாக் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை இருந்தது. முதலை படம் போட்டு, உணவு போடாதீர்கள் என்று எழுதியிருந்தது. அதை நான் படிக்காமல் இல்லை. மகள் அதைக் காட்டியபோது நான் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது.

"அது முதலைக்கு எழுதினதுடி. நாம மீனுக்குத்தானே போடறோம்."

மறுநாள் காலையிலும் போட்டோம். அப்போதுதான் மகள் அதைப் பார்த்தாள். தூரத்தில், நாணலுக்குப் பக்கத்தில், மரக்கட்டை போல மிதந்துகொண்டிருந்தது. இரண்டு கண்களும் மூக்கும் மட்டும் வெளியே. பொரி இருந்த இடத்துக்கு மீன் வந்தது, மீன் இருந்த இடத்தை அது பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு கோல்ஃப் கார்ட் வந்து நின்றது. கேம்ப்கிரவுண்ட் ஹோஸ்ட். சம்பளம் வாங்காமல், நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே சின்ன டிரெய்லரில் தங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற தன்னார்வலர். என் வயதுதான் இருக்கும், வைக்கோல் தொப்பி போட்ட பெண். இறங்கிவந்து மரியாதையாகத்தான் பேசினார்.

"தண்ணியில ஒண்ணும் போடாதீங்க, ப்ளீஸ்."

"முதலைக்கு இல்ல, மீனுக்குத்தான். வெறும் அரிசிப் பொரி" என்றேன்.

"மீன் பின்னாடி அவன் வருவான். டாக்ல காலடிச் சத்தம் கேட்டா சாப்பாடுன்னு ஒரு தடவை கத்துக்கிட்டான்னா அதுக்கப்புறம் மறக்க மாட்டான். பதினோரு வருஷமா இந்த ஏரியில இருக்கான். இதுவரைக்கும் யார்கிட்டயும் வந்ததில்ல. அவனுக்கு நம்மளக் கண்டா பயம். அந்தப் பயம்தான் அவன் உயிரைக் காப்பாத்துது."

நான் தலையாட்டினேன். ஸாரி என்றேன். கோல்ஃப் கார்ட் திரும்பியதோ இல்லையோ, அக்கா ஆரம்பித்தார்.

"பாத்தியா? அங்க பக்கத்து டிரெய்லர் ஆளு மீன் புடிச்சு கயித்துல கோத்துத் தண்ணியில தொங்கவிட்டிருக்காரு. அவருகிட்ட ஒண்ணுஞ் சொல்லல. நேரா நம்மகிட்ட வர்றா."

"நம்ம மூஞ்சியப் பாத்தாதான் இவங்களுக்கு ரூல் புக் ஞாபகம் வரும்க்கா" என்றேன்.

சொன்னது நான்தான். இந்த நாட்டில் பதினேழு வருடங்களாக இருக்கிறேன். கடையில், ஏர்போர்ட்டில், பள்ளிக்கூட வாசலில் மூஞ்சியைப் பார்த்து நடத்தப்பட்ட நாள்கள் எனக்கு உண்டு. அவை பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. தப்பு செய்தவளிடம் ஒருத்தி வந்து தப்பு என்று சொன்னாள், அவ்வளவுதான். எப்போதோ நிஜமாகப் பட்ட காயத்தை எடுத்து, அன்று செய்த தப்புக்குப் போர்வையாகப் போர்த்திவிட்டேன்.

கோபம் வந்தால் எனக்கு வீம்பும் சேர்ந்து வரும். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கூடாரத்துக்குள் இருந்தார். என் கணவரும் அக்காவின் கணவரும் கிரில் அடுப்புப் பக்கத்தில் ஏதோ விவாதத்தில் இருந்தார்கள். நான் மதியம் மிஞ்சிய சிக்கன் துண்டுகளை ஒரு பேப்பர் தட்டில் எடுத்துக்கொண்டு மகளோடு டாக்குக்குப் போனேன். எங்களுக்கு ஒரு கேம்பிங் வாட்ஸ்அப் குழு உண்டு. கலெக்டர் என்ன போடுவார் என்று பேர்லேண்டிலிருந்து பே ஏரியா வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. முதலை கொஞ்சம் கிட்டே வந்தால் நல்ல வீடியோ கிடைக்கும்.

"அம்மா, ஷி செட் நாட் டு" என்றாள் மகள்.

"ஒண்ணே ஒண்ணுதான். நீ போனைப் புடி."

டாக்கின் வலது மூலையில் நின்று ஒரு துண்டை வீசினேன். அது வந்தது. தண்ணீரில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது, அப்புறம் தலை. வாய் திறந்து மூடிய சத்தம் வீடியோவில் நன்றாகவே பதிவாகியிருந்தது. நான் ஒன்றோடு நிறுத்தவில்லை. தட்டு காலியாகும்வரை போட்டேன். 'இன்னைக்கு டின்னருக்கு வந்த விருந்தாளி' என்று எழுதிக் குழுவில் போட்டேன். இதயங்களாகக் கொட்டின. ஒருவர் 'கலெக்டரம்மா, முதலையே உங்க பேச்சு கேக்குதே' என்று எழுதினார். அந்த வரியைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். "தள்ளி நின்னுதானே எடுத்தே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சிக்கன் போட்டதைச் சொல்லவில்லை.

ஞாயிறு காலையில் மறுபடியும் போனேன். இந்தத் தடவை நான் எதையும் வீசுவதற்கு முன்பே, பலகையில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே, அது நாணலிலிருந்து கிளம்பிவிட்டது. எனக்கு அப்போது பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை.

அன்று மதியம் நான்கு மணி இருக்கும். நான் எங்கள் சைட்டில் மடக்கு நாற்காலியில் டாக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சைட் மனிதர் தன் மகளோடு டாக்கில் இருந்தார். அவளுக்கு ரோஸ் நிற லைஃப் ஜாக்கெட், கையில் பொம்மை போல ஒரு தூண்டில். அவர் அப்போதுதான் ஒரு மீனை டாக்கின் இடது கோடியில் கயிற்றில் கோத்துத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். குழந்தை டாக்கில் தடதடவென்று ஓடினாள். ஓடிப் போய் வலது மூலையில், நான் நின்ற அதே இடத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரை எட்டிப் பார்த்தாள்.

நாணலிலிருந்து அந்தக் கோடு கிளம்பியது.

நான் எழுந்தேன். கத்தினேனா என்று தெரியவில்லை. கத்தினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் பிறகு கேட்டபோது யாருக்கும் என் குரல் கேட்டதாக நினைவில்லை. குழந்தை கையை ஆட்டி அதற்கு "ஹாய்" சொன்னாள். அது எனக்குக் கேட்டது. அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். தூண்டிலைப் போட்டுவிட்டு ஒரே பாய்ச்சல். லைஃப் ஜாக்கெட்டின் முதுகுப் பட்டையைப் பிடித்து இழுத்தார். இருவரும் பலகையில் விழுந்தார்கள். அதே நொடியில் டாக்கின் மூலைக் கட்டையில் ஏதோ மோதியது. பலகைகள் அதிர்ந்ததைக் கரையிலிருந்தே பார்த்தேன்.

குழந்தையின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவர் முழங்கால் உரிந்திருந்தது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் ஆகவில்லை. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தார். அதற்கப்புறம்தான் அந்த முதலை திரும்பி, இடது கோடிக்குப் போய், கயிற்றிலிருந்த மீனைப் பிய்த்துக்கொண்டு போனது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் வலது மூலை. நான் தீனி போட்ட இடம். மீனுக்குப் போனது பிறகுதான். இதை முழுதாகப் பார்த்த ஆள் அந்த ஏரிக்கரையில் நான் ஒருத்திதான். அவர் குழந்தையைப் பார்த்தார், மற்றவர்கள் சத்தம் கேட்டு வந்தவர்கள். வந்தவர்கள் பார்த்தது மீனோடு போகும் முதலையை மட்டும்தான்.

எல்லாரும் அந்தக் குழந்தையைச் சுற்றி நின்றார்கள். அக்கா ஐஸ் எடுத்துக்கொண்டு ஓடினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆர்.வி.க்குள் போய், போனை எடுத்து, அந்த வீடியோவைக் குழுவிலிருந்து எல்லாருக்கும் அழியும்படி அழித்தேன். முதலில் செய்த காரியம் அதுதான். வெளியே வந்தபோது அக்கா கையில் போனோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். அவர் போனில் எங்கள் குழு திறந்திருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் வனவிலங்கு அதிகாரி ஒருவர் வந்தார். ஹோஸ்ட் பெண்ணும் கூட வந்தார். சைட் சைட்டாக விசாரித்துக்கொண்டு எங்களிடம் வந்தார்கள்.

"நீங்க யாராவது தண்ணியில தீனி போட்டீங்களா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன். "வெள்ளிக்கிழமை மீனுக்குக் கொஞ்சம் பொரி போட்டோம். இவங்க சொன்னதும் நிறுத்திட்டோம்."

ஹோஸ்ட் பெண் உடனே தலையசைத்தார். "ஆமா, நான் சொன்னேன். ரொம்ப நல்ல மாதிரியா கேட்டுக்கிட்டாங்க" என்று அதிகாரியிடம் எனக்காகச் சாட்சி சொன்னார். என் மூஞ்சியைப் பார்த்து ரூல் பேசுகிறவள் என்று நான் சொன்ன அதே பெண்!

என் மகள் பின்னால் நின்றிருந்தாள். "அம்மா, தட்ஸ் நாட்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ உள்ள போ" என்றேன். அவள் போகவில்லை. கையை அழுத்திப் பிடித்தேன். அப்புறம் போனாள்.

அதிகாரி பக்கத்து சைட்டுக்குப் போனார். கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். மீனின் தலை மட்டும் அதில் இருந்தது. அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. மீனைத் தண்ணீரில் தொங்கவிட்டது முதலையைக் கூப்பிட்டு விருந்து வைத்தது மாதிரி, குழந்தையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்றார். அந்த மனிதர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். அவர் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதுகொண்டே இருந்தார்.

அப்போதும் எழுந்து போயிருக்கலாம். இருபது அடி தூரம்தான். நான் எழவில்லை. போலீஸ் வருமா, அபராதமா, எங்கள் கிரீன் கார்ட் விண்ணப்பத்துக்கு ஏதாவது ஆகுமா என்று மனது என்னென்னவோ கணக்குப் போட்டது. நிஜமான காரணம் அதெல்லாம் இல்லை. அத்தனை பேர் முன்னால் கலெக்டர் தலை குனிய வேண்டுமே, அதுதான்.

அதிகாரி போன பிறகு அந்த மனிதர் நேராக எங்கள் சைட்டுக்கு வந்தார். தெரிந்துவிட்டது, கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. துடைக்கக்கூட இல்லை.

"உங்க பொண்ணும் ரெண்டு நாளா அங்கதானே விளையாடிட்டு இருந்தா. என் தப்பால அவளுக்கும் ஏதாவது ஆகியிருக்கும். மன்னிச்சிடுங்க" என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. "இட்ஸ் ஓகே. டோன்ட் வொர்ரி" என்றேன். அந்த மனிதரை நான் மன்னித்து அனுப்பினேன்.

அவர் உடனே போகவில்லை. "அவளுக்குத் தண்ணின்னா உயிர். பிறந்தநாளுக்குத் தூண்டில்தான் வேணும்னு கேட்டா. இனிமே தண்ணிப் பக்கமே கூட்டிட்டுப் போறதில்லைன்னு என் மனைவிகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு" என்றார். என் கணவர் அவர் தோளைத் தொட்டார். வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எங்கள் சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டைகளை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. அது இன்னொரு ஊசி.

ஆறு மணிவாக்கில் முதலை பிடிக்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பெரிய கொக்கியில் இரை குத்தி டாக் பக்கம் தொங்கவிட்டார்கள். கோழிக்கறி. எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது, சில சமயம் மறுநாள் வரைகூட ஆகும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது. டாக்கில் ஆள் நடந்தார், கோழி தொங்கியது, அதற்கு வேறென்ன வேண்டும்? ஹோஸ்ட் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வாயைக் கட்டி வண்டியில் ஏற்றும்போது என் மகள் அந்தப் பெண்ணிடம் போய், இதை எந்த ஏரியில் விடுவார்கள் என்று கேட்டாள். அவர் குனிந்து, பொய் சொல்லாமல், "எங்கேயும் விட மாட்டாங்க, கண்ணு. மனுஷங்ககிட்ட வரப் பழகினதை விட முடியாது" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அன்று சாப்பிட்ட பிறகு அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்தக் கொழந்தையோட அப்பா பாவம்டி" என்றார்.

திங்கட்கிழமை காலையில் கிளம்புவதற்கு முன் ஹோஸ்ட் பெண்ணின் டிரெய்லருக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். நீங்கள் சொன்ன பிறகும் நான் சாப்பாடு போட்டேன், முதலை முதலில் குழந்தை இருந்த மூலைக்குத்தான் வந்தது, மீனுக்கு இல்லை, நான் பார்த்தேன் என்று சொன்னேன். அங்கேயும் சிக்கன் என்ற சொல் வாயில் வரவில்லை, 'சாப்பாடு' என்றுதான் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து அந்த அப்பா இங்க இருக்கும்போது ஏன் சொல்லல?" என்றார்.



அவரே மேற்கொண்டு மெதுவாகச் சொன்னார். சனிக்கிழமை எங்களிடம் பேசிவிட்டு, நேராக அந்த மனிதரிடம்தான் போனாராம். மீனைத் தண்ணீரில் விடாதீர்கள் என்றதும் அவர் அப்போதே கயிற்றை இழுத்து எல்லா மீனையும் ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை குழந்தை முதன்முதலாகத் தானே பிடித்த மீன் அது. அம்மா வந்து பார்க்கும்வரை உயிரோடு இருக்கட்டும் என்று அவள் கெஞ்சியதால் சில நிமிடங்கள் மட்டும் கயிற்றில் விட்டிருக்கிறார். இதை அவரே ஹோஸ்ட்டிடம் சொல்லி அழுதாராம். நானும் அக்காவும் கோல்ஃப் கார்ட் திரும்பியதும் பேச ஆரம்பித்துவிட்டோமே, அது அடுத்து எங்கே போய் நின்றது என்று நாங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவர்கள் முகவரியைத் தர முடியாது, கடிதம் எழுதிக் கொடுத்தால் ஆபீஸ் மூலமாக அனுப்பிவைப்போம், அதிகாரியிடமும் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்து எழுதினேன். முதலில் எழுதியதில் எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தேன், பயமாக இருந்தது, கிழித்தேன். இரண்டாவதில் வீடியோவை விட்டேன். மூன்றாவதில் அந்தச் சிக்கனும் போனது. கடைசியில் நான் அனுப்பிய கடிதத்தில், 'நாங்களும் கொஞ்சம் உணவு போட்டிருந்தோம், அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்' என்று ஒரு வரி மட்டும் மிச்சமிருந்தது. நல்ல ஆங்கிலம், ஒரு தப்பு இல்லை. அனுப்பிவிட்டோம் என்று ஆபீஸிலிருந்து பதில் வந்தது. அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. வந்தாலும் அந்த ஒரு வரிக்கு என்ன பதில் எழுத முடியும்?

இப்போதும் ஏரிக்கரைக்குப் போகிறோம். இப்போதும் எந்த சைட் நல்லது என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். நிழல், மின்சாரம், மட்டம் எல்லாம் சொல்லிவிட்டு, தண்ணீரில் ஒரு பருக்கை போடக் கூடாது என்று சொல்வேன். "மீனுக்குக்கூடவா?" என்று போன மாதம் புதிதாகக் குழுவில் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள். ரூல் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

அந்தக் குழந்தைக்கு ஏழு வயது ஆகியிருக்கும். அவள் அப்பா தன் சத்தியத்தைக் காப்பாற்றுகிறவராகத்தான் இருப்பார், அந்த முகம் அப்படி. எனவே எங்கோ ஓர் ஊரில், தூண்டிலுக்கு ஆசைப்பட்ட ஒரு பெண் தண்ணீரைத் தள்ளி நின்று பார்க்கிறாள், குற்றமே செய்யாத ஒரு மனிதர் அதற்குத் தானே காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நடந்ததை ஒன்று விடாமல் இன்றுதான் முதல் தடவையாக எழுதியிருக்கிறேன். அதையும் அவரால் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாத மொழியில்தான் எழுதத் துணிந்திருக்கிறேன் என்பது, இதை முடிக்கிற இந்த நிமிடத்திலும் என்னைத் தலை நிமிர விடவில்லை.